கார்புரேட்டரைக் கழற்றும் முன் கம்ப்யூட்டரைத் திறங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று. அடுத்து இதை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. இந்த முறை கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி மாட்ட வேண்டும். இதற்குத் தேவையான கம்ப்யூட்டர் அறிவு மிகக் குறைவு. போட்டோ காப்பி செய்யவும், பைலுக்குப் பெயர் வைக்கவும், ஒரு அட்டவணை போடவும் தெரிந்தால் போதும்.

தேனி மாவட்டம் ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அவருடைய அப்பா 1986-ல் வாங்கிய புல்லட் இருக்கிறது. சென்னை திருவொற்றியூரில் செய்த வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அப்பா இறந்தபின் மூன்று மாதம் ஓடாமல் நின்றது. பிறகு கிளப்பினால் ஐடிலில் நிற்கவில்லை. கார்புரேட்டரின் அடியிலிருந்து பெட்ரோல் சொட்டியது. நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே கழற்றினார். போட்டோ எதுவும் எடுக்கவில்லை. ஸ்லைடை வெளியே இழுத்தபோது ஊசியின் தலையில் இருந்த சின்ன கிளிப் தெறித்து விழுந்தது. கிளிப்பைத் தேடிப் பிடித்துவிட்டார். ஆனால் அது எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பது போய்விட்டது. "அப்பாவுக்குத்தாண்ணே தெரியும். அவரத்தான் கேட்க முடியாதே" என்றார்.

அந்தக் கிளிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கார்புரேட்டரின் வேலை, காற்றோடு பெட்ரோலைச் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது. ஆக்சிலேட்டரைத் திருகினால் உள்ளே உருளை வடிவ ஸ்லைடு மேலே ஏறும். அதோடு சேர்ந்து ஒரு கூர்மையான ஊசியும் ஏறும். ஊசி ஏற ஏற, அது நிற்கும் துளையில் இடைவெளி கூடி, பெட்ரோலும் கூடும். ஊசியின் தலையில் வரிசையாகச் சில பள்ளங்கள் இருக்கும், பெரும்பாலும் ஐந்து. கிளிப்பை மேல் பள்ளத்தில் மாட்டினால் ஊசி கீழே இறங்கி நிற்கும், பெட்ரோல் குறையும். கீழ்ப் பள்ளத்தில் மாட்டினால் ஊசி உயர்ந்து நிற்கும், பெட்ரோல் கூடும். ஆக்சிலேட்டரைக் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை திருகி ஓட்டும்போது, அதாவது நாம் அதிகமாக ஓட்டும் வேகத்தில், கலவையை முடிவு செய்வது இந்த ஊசிதான். கால் பங்குக்குக் கீழே ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், முக்காலுக்கு மேலே மெயின் ஜெட்டும் பொறுப்பு.

நண்பர் குத்துமதிப்பாக முதல் பள்ளத்தில் மாட்டிவிட்டார். ஊர்ச் சாலையில் ஓடியது. குமுளி மலைச்சாலையில் ஏறும்போது இன்ஜின் கொதித்து, இழுவை போய், டங் டங் என்று அடித்தது. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெட்ரோல் குறைந்த கலவைக்கு அதுதான் அடையாளம். இப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நல்லவேளை, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இனி முறையாக வருவோம்.

முதலில் இடம். பெட்ரோல் வேலையை வாசலிலோ காற்றோட்டமான கொட்டகையிலோ செய்யுங்கள். கம்ப்யூட்டர் வேறு அறையில் இருக்கட்டும். சுவிட்ச் போடும்போது வரும் சின்னப் பொறி போதும், ஆவியாகி நிற்கும் பெட்ரோலைப் பற்றவைக்க. பெட்ரோல் கையோடு கீபோர்டைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு படியிலும் ஒரு போட்டோ எடுங்கள். செல்போன் கேமராவே போதும். வண்டியில் இருக்கும்போது இரண்டு பக்கமும், பெட்ரோல் டியூப்பும் கேபிளும் எப்படிப் போகின்றன என்று ஒன்று, கழற்றிய ஒவ்வொரு பாகமும் ஒரு வெள்ளைத் துணியில் வைத்து ஒன்று. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணுங்கள். இறுக்க வேண்டாம், முனை நசுங்கும். அந்த எண்ணைத் தாளில் எழுதி, தாளை ஸ்க்ரூவின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.

வேலையை நிறுத்தி, கை கழுவிவிட்டு, போனை யுஎஸ்பி வயரால் கம்ப்யூட்டரில் இணையுங்கள். போன் திரையில் வரும் அறிவிப்பில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'திஸ் பிசி' திறந்தால் போனின் பெயர் தெரியும். அதற்குள் டிசிஐஎம், அதற்குள் கேமரா. படங்களைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, டெஸ்க்டாப்பில் 'புல்லட்' என்று ஒரு போல்டர் உருவாக்கி அதில் பேஸ்ட் செய்திடுங்கள். பெரும்பாலான போன்கள் எடுத்த நேரத்தையே பைல் பெயராக வைப்பதால், பெயர் வரிசையும் நேர வரிசையும் ஒன்றாகவே இருக்கும்.

இப்போது முதல் படத்தை ஒருமுறை கிளிக் செய்து, கண்ட்ரோல் கீயுடன் ஏ அழுத்துங்கள், எல்லாம் தேர்வாகும். எப்2 அழுத்தி, 'கார்ப்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கார்ப் (1), கார்ப் (2) என்று வரிசையாகப் பெயர் மாறிவிடும். தவறாகிவிட்டால் கண்ட்ரோல் + இசட். மறுபடி மாட்டும்போது கடைசிப் படத்தைத் திறந்து, இடது அம்புக்குறி கீயைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கழற்றியது தலைகீழாக வரும். அதுதான் மாட்டும் வரிசை. போல்டரை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள்.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. அடிக் கிண்ணத்தைத் திறந்ததும் பச்சையோ பழுப்போ பிசின் போல ஒட்டியிருந்தால் அது நின்று காய்ந்த பெட்ரோல். வெள்ளைப் பொடியாக இருந்தால் தண்ணீர் சேர்ந்து உலோகத்தை அரித்திருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பரை ஊதவோ இறுகவோ வைக்கும். 1980-களில் வந்த வண்டிக்கு இது எதிர்பாராத எரிபொருள். ஆகவே கேஸ்கட், ஓ ரிங், பெட்ரோல் டியூப் மூன்றையும் பார்க்காமலே மாற்றிவிடலாம் என்பது என் கட்சி. வாரக்கணக்கில் வண்டி நிற்கப் போகிறது என்றால் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

ரப்பர் பாகங்களை எல்லாம் எடுத்த பிறகே கார்புரேட்டர் கிளீனர் அடியுங்கள். இதே ஸ்ப்ரேயால் சிபியு கேபினட்டையோ கீபோர்டையோ துடைக்க நினைக்காதீர்கள், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஜெட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்லோ ஜெட்டின் துளை மயிரிழை போல இருக்கும். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இரவு முழுக்க ஊறப் போட்டு, காற்றடித்துப் பாருங்கள். குண்டூசி, கம்பி, கிட்டார் தந்தி எதுவும் வேண்டாம். பித்தளைத் துளை துளியளவு பெரிதானாலும் அந்த ஜெட் அந்த எண்ணுக்குரிய ஜெட்டாக இருக்காது. முன்பு யாரோ கம்பி விட்டுக் குடைந்த ஜெட் ஒன்று நண்பரின் வண்டியிலும் கிடைத்தது. அதைப் போட்டுவிட்டு, அதே எண்ணில் புதியது வாங்கினார்.

ஜெட்டின் மீது பொறித்த எண் கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் கம்ப்யூட்டர் இரண்டாவது முறை உதவியது. போனில் நெருக்கமாக ஒரு படம் எடுத்து, மானிட்டரில் பெரிதாக்கியதும் எண் தெளிவாகத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஊசியின் தலையையும் அப்படியே எடுக்கச் சொன்னேன். வெயிலில் சாய்த்துப் பிடித்து நாலைந்து படம். மானிட்டரில் பார்த்தால் மற்ற நான்கு பள்ளங்களும் மங்கலாக ஒரே நிறத்தில் இருந்தன. மேலிருந்து மூன்றாவது பள்ளத்தின் விளிம்பு மட்டும் தேய்ந்து பளபளத்தது. பல வருடம் கிளிப் உட்கார்ந்து அதிர்ந்த தடம். நண்பர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொட்டியதற்குக் காரணம் மிதவையோடு சேர்ந்து இயங்கும் சின்ன வால்வு ஊசி. அதன் கூம்பு முனையில் விரல் நகத்தில் உணரும் அளவுக்கு ஒரு வளையம் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை.

மாட்டும்போது ஒன்றில் மட்டும் தவறக் கூடாது. ஸ்லைடின் அடியில் வெட்டுப் பட்ட பக்கம் ஏர் பில்டர் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். தலைகீழாகத் திணித்தால் ஆக்சிலேட்டர் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இன்ஜினைக் கிளப்பும் முன் ஹேண்டில் பாரை முழுக்க இடதும் வலதும் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஆக்சிலேட்டரைத் திருகி விடுங்கள். டக்கென்று ஸ்லைடு மூடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கிளப்பாதீர்கள். இன்ஜினோடு சேரும் இரண்டு நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் விளிம்பு வளைந்து காற்று கசியும். ராஜ்தூத் 350 போல இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால் இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்புகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். அது தனிப் பாடம்.

பிறகு ட்யூனிங். இன்ஜின் சூடானதும் ஏர் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று உள்ளே, வெளியே என்று திருகி, ஐடில் அதிகமாகவும் சீராகவும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இன்ஜினுக்கு எதிர்ப்பக்கம், காற்று நுழையும் முனையில் இந்த ஸ்க்ரூ இருந்தால், உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இந்த மாற்றங்களை எக்ஸெல்லில் எழுதுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். தேதி, ஓடிய கிலோமீட்டர், என்ன மாற்றினோம், ப்ளக்கின் நிறம், மலையில் இழுவை, போட்ட பெட்ரோல் என்று ஆறு பத்தி போதும். செல்லில் நின்று கண்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளி கீயை அழுத்தினால் இன்றைய தேதி தானே விழும். ப்ளக் இளம்பழுப்பாக இருந்தால் சரி, கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபின் புல்லட்டும் பியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. அதில் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, எவ்வளவு பெட்ரோல் என்று தானே கணக்குப் போடும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறினால் உயரம் 1500 மீட்டர் அளவுக்குப் போகும். கீழே இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். புது வண்டி அதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பழைய வண்டிக்கு அந்தக் கணக்கைப் போடுவது நீங்களும் உங்கள் அட்டவணையும்தான்.

நண்பரின் அட்டவணையில் இப்போது ஏழு வரிகள் இருக்கின்றன. கடைசி வரியில் கிளிப் மூன்றாவது பள்ளம், ப்ளக் இளம்பழுப்பு, குமுளி வரை மூன்றாவது கியரில் ஏறியது என்று எழுதியிருக்கிறார். அதை ஒரு பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டியின் டூல் பாக்ஸில் வைத்திருக்கிறார்.