மதிலில் படரும் சுவரத்திக் கொடியும் அதனை அகற்றும் முறையும்

தோட்ட மதிலை அழகுபடுத்தும் பொருட்டு நடப்பெற்ற கொடியொன்று, சில ஆண்டுகளில் மதில் முழுவதையும் போர்த்து, அருகிலுள்ள சாளரங்களையும் மழைநீர்க் குழாய்களையும் பற்றிக்கொள்வது இந்திய நகரங்களில் பலரும் கண்ட காட்சியாகும். அதனை ஒழிக்க முற்படுவோர் முதலிற் செய்வது கொடியைப் பற்றி இழுத்தலே. கொடி வருகிறது, அதனுடன் சுவர்ப்பூச்சும் பெயர்ந்து வருகிறது. சில வாரங்களில் நிலத்திலுள்ள அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கிறது. ஆகவே, இம்முறையினால் அழிவது சுவரேயன்றிக் கொடியன்று. கொடியின் இயல்பை அறிந்து, உரிய வரிசையில் வேலையைச் செய்தால் இவ்விழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

1. கொடியை இனங்காணுதல்

இவ்வாறு படரும் கொடிகளைத் தோட்டக்காரர்கள் பொதுவாக 'ஐவி' என்று வழங்குவதுண்டு. ஆனால் உண்மையான ஐவி, ஹெடரா என்னும் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்தில் ஒரு வகை இமயமலைக் காடுகளில் மரங்களின்மீதும் பாறைகளின்மீதும் இயற்கையாகவே படர்கின்றது. அஃது அந்நிலத்துக்கு உரிய தாவரம். அயலிலிருந்து வந்த களையன்று.

சமவெளி நகரங்களின் மதில்களில் மிகுதியாகக் காணப்படுவது பைகஸ் பூமிலா என்னும் கொடியாகும். இது சீனா, ஜப்பான் முதலிய கிழக்காசிய நாடுகளுக்கு உரியது. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. இக்கட்டுரையில் இது 'சுவரத்தி' எனக் குறிக்கப்படும்.

சுவரத்திக்கு இரு பருவங்கள் உண்டு. இளம் பருவத்தில் இலைகள் சுமார் 2.5 செ.மீ. நீளமே உடையவை, தண்டு மெலிந்து சுவரோடு ஒட்டிக் கிடக்கும். முதிர்ந்த பருவத்தில் தண்டு தடித்து, சுவரை விட்டு வெளியே நீளும் கிளைகள் தோன்றும். அவற்றின் இலைகள் 5 முதல் 10 செ.மீ. வரை நீண்டு தடிப்பாக இருக்கும். பேரிக்காய் வடிவமான காய்களும் காய்க்கும். இரண்டையும் வெவ்வேறு செடிகள் என்று மயங்குதல் கூடாது. எந்தத் தண்டை ஒடித்தாலும் பால் வடியும். அது அத்தியினத்தின் அடையாளம்.

2. பற்றும் விதம்

இதன் தண்டிலிருந்து எண்ணற்ற சிறு பற்றுவேர்கள் தோன்றிச் சுவரைத் தொடுகின்றன. ஏறு கொடிகளைப் பற்றி 1875-ஆம் ஆண்டில் வெளியான நூலில், சார்லஸ் டார்வின் இக்கொடியின் வேர்களைத் தாம் ஆராய்ந்த விதத்தை விவரித்துள்ளார். இளவேர்களைக் கண்ணாடித் துண்டுகளின்மீது மெல்ல அழுந்தச் செய்தபோது, சுமார் ஒரு வாரம் கழித்து அவை தெளிந்த நீர்மத்தைத் துளித்துளியாகக் கசிந்தன. அது காயத்தில் வடியும் பாலைப் போன்று வெண்ணிறமாக இல்லை, எளிதில் உலரவுமில்லை. அதில் ரப்பரை ஒத்த பொருள் அடங்கியிருப்பதாக அவர் கருதினார்.

பூச்சு செங்கல்லைப் பற்றியிருக்கும் வலிமையைக் காட்டிலும் வேர் பூச்சைப் பற்றியிருக்கும் வலிமை மிகுந்திருக்குமானால், கொடியை இழுக்கும்போது முதலில் பிரிவது பூச்சே. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் இது மிகுதியாக நிகழும்.

3. அகற்றத்தான் வேண்டுமா?

படர்ந்த கொடி யாவும் சுவருக்குப் பகையென்று கொள்ளுதல் பொருந்தாது. இங்கிலாந்தின் பழங்கட்டடங்களில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் ஐவியை ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஐவி போர்த்த சுவரில் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தது. இலைகள் தூசியையும் ஓரளவு தடுத்தன. முன்பே பிளவும் துளையும் உள்ள சுவர்களில்தான் வேரும் தண்டும் புகுந்து கேடு விளைத்தன. இம்முடிவு குளிர்நாட்டு ஐவியைப் பற்றியதாயினும், கொடியைத் தொடுமுன் சுவரைப் பார்க்க வேண்டும் என்னும் பாடம் இங்கும் ஏற்கத்தக்கதே.

சுவர் உறுதியாகவும் கொடி இளம் பருவத்திலும் இருப்பின், கத்தரித்து அடக்கி வைத்தலே போதும். தண்டு பிளவில் நுழைந்து தடித்திருந்தாலோ, முதிர்ந்த கிளைகளின் பளு மதிலின் உச்சியில் ஏறியிருந்தாலோ அகற்றுதல் வேண்டும்.

4. அகற்றும் முறை

அ) முதலில் தூக்குக்குண்டு கொண்டு மதில் செங்குத்தாக உள்ளதா என்று பார்க்க. சாய்வோ, வயிறு தள்ளுதலோ காணப்பட்டால் வேலையை நிறுத்திப் பொறியாளரை அழைக்க. அத்தகைய மதிலைக் கொடியே தாங்கி நிற்பதும் உண்டு. அதன் அருகில் மாணவர்களை விடலாகாது.

ஆ) வறண்ட பருவத்தைத் தேர்ந்தெடுக்க. இலைச்செறிவில் பறவைக் கூடுகள் உள்ளனவா எனப் பார்த்து, இருந்தால் குஞ்சுகள் பறக்கும் வரை பொறுக்க. குளவிக்கூடு, பாம்பு ஆகியவற்றின் பொருட்டும் எச்சரிக்கை தேவை.

இ) கையுறையும் நீண்ட கைச்சட்டையும் அணிக. பால் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் உண்டாகலாம். உடனே சோப்பிட்டுக் கழுவுக.

ஈ) தரையையொட்டி எல்லாத் தண்டுகளையும் அறுக்க. சுமார் ஓர் அடி உயரத்தில் மீண்டும் அறுத்து, இடைப்பட்ட துண்டை எடுத்துவிடுக. இவ்விடைவெளி இருந்தால், அறுபடாது தப்பிய தண்டு எது என்பது எளிதில் புலப்படும்.

உ) மேலேயுள்ள கொடியை இழுக்காமல் இலைகள் முழுவதும் வாடி உதிரும் வரை விட்டுவிடுக. ஒரு பகுதி மட்டும் பசுமையாக நின்றால், அது பிளவிலோ மதிலின் மறுபுறத்திலோ வேரூன்றியிருக்கிறது என்பது பொருள். அவ்வேரைத் தேடி அறுக்க.

ஊ) உலர்ந்த கொடியை உச்சியிலிருந்து தொடங்கிச் சிறு துண்டுகளாக வெட்டி, தட்டையான கரண்டியால் மெல்ல நெம்பி எடுக்க. நெம்பியும் வாராத துண்டை வலிந்து பிடுங்காது, சுவரையொட்டி நறுக்கி விடுக. பிளவினுள் சென்ற தண்டைக் கொத்தனார் இணைப்பைத் திறந்து எடுத்தலே முறை.

எ) அடிக்கட்டையை வேருடன் தோண்டி எடுக்க. அது சுவரின் அடித்தளத்தை நெருங்கியிருந்தால் தோண்டாது, 15 நாள்களுக்கு ஒருமுறை துளிர்களைக் கிள்ளி வருக. இலையின்றி உணவு ஆக்க இயலாமையால், சேமித்த உணவு தீர்ந்தவுடன் கட்டை மடியும்.

ஏ) வெட்டிய துண்டுகள் ஈரநிலத்தில் மீண்டும் வேர்விடும். ஆதலின் வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே எருக்குழியில் இடுக.

5. விலக்க வேண்டியவை

வேரில் உப்புக் கொட்டுதல் பலரும் கூறும் கைமுறை. உப்பு நீரிற் கரைந்து சுவரினுள் ஏறி, உலரும்போது படிகமாகிக் காரையை நொறுக்கும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். கம்பித் தூரிகை பூச்சைச் சுரண்டிவிடும். வேர்த் தழும்புகளுக்கு நார்த் தூரிகையே போதும். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலினர் தவிர வேறெவரும் பயன்படுத்தலாகாது என மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டது. பள்ளித் தோட்டத்திற்கு அத்தகைய மருந்து தேவையுமில்லை.

கொடி நீங்கிய பின் இணைப்புகளை உடனே அடைத்தல் இன்றியமையாதது. பறவைகளின் எச்சத்தோடு விழும் அரசு, ஆல் விதைகள் அத்திறந்த பிளவுகளில் முளைக்கும். சுவரத்தி பெரும்பாலும் வெளியே பற்றுவது. அரசின் வேரோ சுவரின் உள்ளே சென்று கல்லைப் பிளப்பது. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரையே பொருந்தும். கடினமான சிமென்டு, ஈரத்தை உள்ளே அடைத்து, செங்கல்லையே உதிரச் செய்யும்.

6. வகுப்பிற்குரிய செயல்

கொடியை அழிக்குமுன் ஒரு துண்டைத் தொட்டியில் நட்டு வளர்க்க. வளரும் நுனியில் கண்ணாடித் துண்டொன்றை மெல்லக் கட்டி வைத்து, டார்வின் கண்டதை மாணவர்கள் உருப்பெருக்குக் கண்ணாடியால் நாள்தோறும் நோக்கிக் குறிப்பெழுதலாம். இளம் இலையையும் முதிர்ந்த இலையையும் அருகருகே வரையச் செய்க. பால் வடியும் துண்டுகளை ஆசிரியரே கையாள வேண்டும்.

வினாக்கள்

1. சுவரத்தியை உண்மையான ஐவியிலிருந்து பிரித்தறிய எளிய வழி யாது?
2. பச்சைக் கொடியை இழுத்தால் பூச்சு பெயர்வது ஏன்?
3. தண்டை ஓரிடத்தில் மட்டும் அறுக்காது, ஈரிடத்தில் அறுப்பதன் பயன் என்ன?
4. மாணவர்களின் பள்ளி மதிலில் உள்ள கொடியை அகற்ற வேண்டுமா, அடக்கி வைத்தால் போதுமா? நேரிற் பார்த்துக் காரணங்களுடன் எழுதுக.