றகர் வாதமும் மூவகை அளவையும்

வாதம் செய்தல் இளைஞர்க்கு இயல்பு. முறையாக வாதம் செய்தலோ கல்வியாற் பெறப்படுவது. கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்வார்க்கு வாதப்பொருள் தேடி அலையவேண்டிய தேவையில்லை. பேராதனைப் பேருந்திலும், கட்டுகஸ்தோட்டைத் தேநீர்க்கடையிலும், கல்லூரி வாயிலிலும் றகர் ஆட்டமே பேச்சாக இருக்கின்றது. நம் நாட்டணி ஒரு போட்டியில் தோற்றுவிட்டால், “பயிற்றுநரை நீக்குக” என்பர் ஒரு சாரார். “அந்நாள் வீரர்போல் இந்நாள் எவருளர்?” என்பர் மற்றொரு சாரார். இதனை வீண்பேச்சென ஒதுக்குதல் நமக்கு உடன்பாடன்று. நம் முன்னோர் வகுத்த அளவைநூல் முறையினைப் பயிலுதற்கு இவ்வாதம் நல்லதொரு களமாகும்.

ஒரு பொருளின் உண்மையை அளந்தறியும் கருவியே அளவை எனப்படும். மணிமேகலை பத்து அளவைகளைக் கூறுகின்றது. அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரோ, அவை யாவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கும். கண்ணாற் கண்டறிதல் காண்டல். கண்டதைக்கொண்டு காணாததை உய்த்தறிதல் கருதல். நம்பத்தக்கார் மொழியால் அறிதல் உரை. றகர் வாதத்தில் அணியின் இன்றைய நிலை காண்டலுக்கும், பழைய வீரர் பெருமை உரைக்கும், பயிற்றுநர் குறைநிறை கருதலுக்கும் உரியன. இவற்றை ஒன்றோடொன்று மயங்கவைப்பதாலேயே நம் வாதங்கள் முடிவின்றி நீளுகின்றன.

முதற்கண் காண்டலை நோக்குவாம். ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவையாகக் கொள்ளப்படும். றகர் அணியில் பதினைவர் ஆடுவர். அவருள் எண்மர் முன்னணியினர், எழுவர் பின்னணியினர். பந்தை ஏந்தி ஓடிச்சென்று ட்ரை வைப்பவனை அரங்கு முழுவதும் காண்கின்றது. அவன் கைக்குப் பந்து வந்து சேரும்படி ஸ்கிரம்மிலே தோள்கொடுத்து நின்ற எண்மரைக் காண்பார் சிலரே. ஆதலின், “இன்று இன்னவன் நன்றாக ஆடினான், இன்னவன் ஆடவில்லை” என்று கூறுமுன், நாம் கண்டது ஆட்டத்தையா, பந்தை மட்டுமா என நம்மை நாமே வினவுதல் வேண்டும்.

இனி, உரையளவை. இவ்விளையாட்டில் கண்டிக்கு நெடிய மரபு உண்டு. கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தோன்றியது. இலங்கைப் பாடசாலைகளுக்கிடையிலான முதல் றகர் போட்டி, 1906இல் இந்நகரின் கிங்ஸ்வூட், திரினிற்றிக் கல்லூரிகளுக்கிடையே நடைபெற்று, 6-6 எனச் சமநிலையில் முடிந்தது. திரினிற்றியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பொருதும் பிரட்பி கேடயப் போட்டி 1945இல் தொடங்கியது. இத்தகைய மரபின் நடுவே வாழும் முதியோர், தாம் கண்ட வீரரைப் புகழ்தல் இயல்பேயாம். விரைவோட்டத்திலும் றகரிலும் ஒருங்கே இலங்கைக்குப் புகழீட்டிய சும்மா நவரத்தினத்தை நம்மவர் மறவார். கிரிக்கெட்டிலும் றகரிலும் நாட்டுக்காக ஆடிய மகேஸ் றொட்றிகோவையும் மறவார். பிற்காலத்தே, கண்டிக் கழகத்திலும் நாட்டணியிலும் விளங்கிய பிரியந்த ஏக்கநாயக்கவையும், கிங்ஸ்வூட் தந்த பசில் மரிஜாவையும் நேரிற் கண்டார் பலர் நம்மிடையே உளர்.

எனினும், உரையை ஏற்குமிடத்து அதன் கால எல்லையையும் அறிதல் வேண்டும். 1971 வரை ஒரு ட்ரைக்கு மூன்று புள்ளிகளே வழங்கப்பட்டன, அவ்வாண்டில் அவை நான்காயின, 1992இல் ஐந்தாயின. ஆகவே, தாத்தா கண்ட ஆட்டத்தின் புள்ளிகளையும் பேரன் காணும் ஆட்டத்தின் புள்ளிகளையும் ஒரே தராசிலிட்டு நிறுத்தல் பொருந்தாது. 1968 வரை நாடுகளுக்கிடையிலான போட்டிகளில், காயமுற்றவனுக்குப் பதிலாக மற்றொருவன் இறங்க விதியில்லை. 1995 வரை இவ்வாட்டத்தின் பன்னாட்டு விதி, வீரர் ஊதியம் பெறுதலை ஏற்கவில்லை. பகலெல்லாம் தொழில் செய்து மாலையிற் பயிற்சிக்கு வந்து, காயத்தோடும் எண்பது நிமிடம் நின்று ஆடியவர் அந்நாளார். உடல்வலியும் வேகமும் பன்மடங்கு பெருகிய எதிரிகளைச் சந்திப்பவர் இந்நாளார். இருவர் அருமையும் வேறுவேறு. ஒருவரைப் புகழ்வதற்கு மற்றவரை இகழவேண்டியதில்லை.

மூன்றாவதாகிய கருதலளவையிலேதான் இடர்ப்பாடு மிகுதி. மலையிலே புகை கண்டவிடத்து நெருப்புண்டென்று துணிதல் இவ்வளவைக்குப் பழைய எடுத்துக்காட்டு. ஆயின், விடியற்காலையில் ஹந்தானை மலையை நோக்கி, அங்கே எழும் மூடுபனியைப் புகையென மயங்கி, “மலை தீப்பற்றியது” என்று கூவுவானை நாம் யாது சொல்வோம்? ஏது பிழையாயின் முடிபும் பிழையே. “அணி தோற்றது, ஆதலின் பயிற்றுநர் தகுதியற்றவர்” என்பதும் பல வேளைகளில் இத்தகைய கூச்சலேயாம்.

இதனை யப்பான் நாட்டின் வரலாற்றோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். 1974இல் கொழும்பில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் யப்பான் முதலிடத்தையும் இலங்கை இரண்டாமிடத்தையும் பெற்றன. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், அதே யப்பான் நம்மை 132-10 என வென்றது. இவ்வீழ்ச்சிக்கு 2014ஆம் ஆண்டின் பயிற்றுநரோ, அன்று களமிறங்கிய பதினைவரோ காரணமாவாரா? நாற்பது ஆண்டுகளில் விளைந்த இடைவெளியை ஒருவர் தலையில் ஏற்றுதல் நீதியாகுமா?

யப்பானும் எளிதில் உயரவில்லை. 1995ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டியில் நியூசிலாந்திடம் 145-17 என அது தோற்றது. அந்நாட்டார் நாணித் தலைகுனிந்த நாள் அது. எனினும் அவர்கள் பயிற்றுநரை மாற்றுவதோடு அமையவில்லை. 2003இல் தொழில் நிறுவன அணிகளைத் திரட்டி நாடளாவிய லீக் போட்டியை அமைத்தனர். பல்கலைக்கழக ஆட்டங்களையும் பேணினர். இருபதாண்டுகள் கழிந்தன. 2015இல், எடி ஜோன்ஸ் பயிற்றுநராயிருந்த காலத்து, இருமுறை உலகக் கிண்ணம் வென்றிருந்த தென்னாபிரிக்காவை யப்பான் 34-32 என வென்றது. ஜோன்ஸின் திறமை பெரிதே. ஆயினும் பண்பட்ட நிலத்தில் விதைத்த உழவர் அவர். நிலத்தைப் பண்படுத்தாது உழவரை மட்டும் ஆண்டுதோறும் மாற்றுவோர்க்கு விளைச்சல் எங்ஙனம் கிட்டும்?

நம் நிலத்தின் நிலை யாது? பிரட்பி கேடயத்திற்கு ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர். அங்கே ஆரவாரத்தின் நடுவே ஆடிய மாணவன், பத்தொன்பது வயதிற் பாடசாலையை விட்டதும், கழக அணியில் இடங்கிடைத்தாலன்றி ஆட்டத்தைக் கைவிடுகின்றான். 2023இல், ஆட்சித் தலையீட்டைக் காரணங்காட்டி, உலக றகர் அமைப்பு இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. பின்னர் அத்தடை நீங்கிற்று. பந்தைத் தொட்டறியாதார் செய்த பிழைக்குப் பந்தோடு வளர்ந்த இளைஞர் வருந்தினர். இவையெல்லாம் கருதலிற் சேரவேண்டிய ஏதுக்கள். ஆட்டம் முடிந்த மாலையில் எழும் சினத்திலே இவை ஒன்றேனும் நினைக்கப்படுவதில்லை.

இவ்வாதத்தில் நாம் இழப்பது வெற்றுச்சொல் மட்டுமன்று. நாட்டின் சட்டையை அணிந்து களத்தில் நிற்பவன் இருபத்திரண்டு அகவை இளைஞனாயிருக்கலாம். ஆராயாது சுமத்தும் பழி அவனைத்தான் சேர்கின்றது. அதனைக் கேட்டு நிற்கும் பன்னிரண்டு அகவைச் சிறுவன், ஆடாதிருத்தலே நன்றெனத் துணிகின்றான். அணியின்மேல் அன்புடையோர் வாயாலேயே அணிக்கு ஆள் குறைதல் எத்துணைக் கொடிது!

ஆகவே பழைய மாணவராகிய பெரியோர்கள், தாம் கண்டவற்றை ஆண்டும் விதியும் சுட்டி இளைஞர்க்கு உரைப்பாராக. அவ்வுரையே நம்பத்தக்க உரையாகும். ஆசிரியராகிய நாம், மாணவர் விரும்பும் பொருளிலிருந்தே தருக்கத்தைத் தொடங்குவோமாக. மாணவர்களே, அடுத்த போட்டி முடிந்ததும் ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். நீவிர் கண்டது யாது, பிறர்பாற் கேட்டது யாது, இவ்விரண்டினின்றும் உய்த்துணர்ந்தது யாது எனத் தனித்தனி எழுதுங்கள். எழுதி முடித்தபின், மூன்றாம் பத்தியில் உள்ள ஒவ்வொரு முடிபுக்கும் ஏது முதலிரு பத்திகளில் உளதா எனத் தேடுங்கள். ஏது இல்லாத முடிபை அடித்துவிடுங்கள். எஞ்சியதை எங்கும் அஞ்சாது பேசலாம்.