வளவுக்குள் ஒரு நெருப்புக் குழி: கடற்கரை மணலுக்கு ஏற்ற குறிப்புகள்

2022 ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டரின் விலை 4,860 ரூபாய்க்கு ஏறியபோது, வினாயகபுரம் தொடங்கிக் கல்முனை வரை வளவுகளில் மூன்று கல் வைத்த அடுப்புகள் முளைத்தன. கேஸ் வந்த பிறகும் சில வீடுகளில் அந்த இடம் அப்படியே நிற்கிறது. பொழுதுபட்டால் மீன் சுடவும் மரவள்ளிக்கிழங்கு சுடவும் அதைச் சுற்றித்தான் ஆட்கள். அதையே கொஞ்சம் ஒழுங்காகக் கட்ட நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். குளிர்நாட்டுக்காரர் கட்டும் குழியை அப்படியே பார்த்துச் செய்தால் நம்முடைய மணலுக்கும் காற்றுக்கும் சரிவராது.

1. இடம் தேடும்போது முதலில் மேலே பாருங்கள். தென்னை வட்டுக்குக் கீழே நெருப்புக் குழி கூடவே கூடாது. காய்ந்த ஓலையும் பன்னாடையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. வீட்டுச் சுவரிலிருந்தும் கிடுகு வேலியிலிருந்தும் 15 அடியாவது தள்ளி இருக்கட்டும். மலசலகூடக் குழிக்குப் பக்கத்திலும் வேண்டாம். அதிலிருந்து கசியும் வாயு எரியக்கூடியது. கிணறு கூப்பிடு தூரத்தில் இருந்தால் நல்லது.

2. ஆழம் ஒரு அடி போதும். மாரியில் நம் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு மேலே வருகிறது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. காய்ந்த மணல் வெட்ட வெட்டச் சரியும். முதல்நாள் மாலையில் நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, காலையில் நாலு அடி அகலத்துக்கு வெட்டுங்கள். கல் கட்டியதும் உள்ளே மூன்றரை அடிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். அடியில் உடைந்த ஓடும் செங்கல் துண்டுகளும் நாலு அங்குலத்துக்குப் பரப்பினால் மழைத் தண்ணீர் இறங்கிவிடும்.

3. கல் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடற்கரையில் கிடக்கும் முருகைக்கல் வேண்டாம். அந்தக் கல்லைச் சுட்டுத்தான் ஒரு காலத்தில் சுண்ணாம்பு எடுத்தார்கள். கடும் சூட்டில் அது உதிரும். மீதிக் கல் கடலரிப்பைத் தடுக்கக் கடலோரத்திலேயே கிடக்கட்டும். ஆற்றிலும் களப்பிலும் ஊறிக் கிடந்த உருண்டைக் கற்களும் ஆபத்து. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, கல் வெடித்துச் சில்லு பறக்கும். சீமெந்துக் கல் சூட்டில் பிளந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு உடைந்த வீடுகளின் கற்களை வளவில் அடுக்கி வைத்திருப்பவர்கள், அவற்றைப் பாத்தி கட்டப் பயன்படுத்தட்டும்.

நன்றாக வெந்த செங்கல்தான் சரி. ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வரவேண்டும். ஒரு வரிசைக்கு 14 கல் வரை பிடிக்கும். நாலு வரிசைக்கு, உடைசலையும் சேர்த்து, 60 கல் வாங்கினால் போதும்.

4. சாந்துக்குச் சீமெந்து வேண்டாம். புற்றுமண் அல்லது வயற்களி இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, ஒரு பிடி உமி. அரிசி ஆலைகள் நிறைந்த மாவட்டம் இது, உமிக்குப் பஞ்சமில்லை. காலால் மிதித்துப் பிசைந்து ஒருநாள் புளிக்கவிட்டால் வெடிப்புக் குறையும்.

5. அடி வரிசையில் காற்று போக இரண்டு வாய் விடுங்கள்: ஒன்று வடகிழக்கே வாடைக்கு, மற்றது தென்மேற்கே கச்சானுக்கு. காற்று அடிக்கும் பக்கத்து வாயைத் திறந்து, மற்றதை ஒரு கல்லால் அடைத்துக்கொள்ளலாம். கச்சான் உரமாக வீசும் நாட்களில் நெருப்பே மூட்டாதீர்கள். அந்தக் காற்றுக்குப் பொறி வேலி தாண்டிப் போகும்.

6. கட்டி முடித்து ஒரு கிழமை நிழலில் காயவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் சிரட்டை போட்டுச் சின்ன நெருப்பு. பொறுமை இல்லாமல் முதல்நாளே கட்டை அடுக்கினால் சாந்து கழன்றுவிடும்.

7. எதை எரிப்பது? சிரட்டை நல்ல சூடு தரும், புகை குறைவு. பொச்சு மட்டை புகையும். நுளம்பை விரட்டுகிறதென்று சிலர் அதையே போடுகிறார்கள். பக்கத்து வீட்டில் முட்டு வருத்தக்காரர் இருந்தால் அந்தப் புண்ணியம் வேண்டாம். விறகு பிளந்து ஒரு கோடை காய்ந்திருக்க வேண்டும்.

எரிக்கக் கூடாதவற்றை மனதில் வைத்திருங்கள். களப்போரத்தில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும், புகையும் அப்படித்தான். அலரிக் கம்பின் புகை நஞ்சு, மீன் குத்திச் சுடவும் அது ஆகாது. கடல் ஒதுக்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும், சமையல் நெருப்புக்கு உதவாது. பெயின்ட் பூசிய பலகை, உடைந்த ஃபைபர் தோணித் துண்டு, நைலோன் வலை எதுவும் கிட்டவே வரக்கூடாது. கரையோரம் நட்ட சவுக்கு நன்றாக எரியும் என்பது உண்மை. ஆனாலும் அதில் கைவைக்காதீர்கள், அது கடலுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கிற மரம்.

8. மூட்டக் காய்ந்த பன்னாடையும் ஓலையும் போதும். மண்ணெண்ணெய் வேண்டாம், பெற்றோல் பக்கத்திலேயே வேண்டாம்.

9. சுவாலையில் மீன் கருகும், வேகாது. தணலுக்குக் காத்திருங்கள். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுவாலை அடங்கிய தணல் எவ்வளவு தூரம் சூடு வீசும் என்று. சுடுவதற்கு 10 மில்லிமீற்றர் இரும்புக் கம்பியை நாலைந்து துண்டாக வெட்டிக் குறுக்கே வையுங்கள். நாகம் பூசிய கம்பி வலை சூடேறினால் நச்சுப் புகை விடும். மரவள்ளியைத் தோலோடு சாம்பலுக்குள் புதைத்தால் மெதுவாக வேகும்.

கல்யாணத்துக்கோ கந்தூரிக்கோ கிடாரம் ஏற்றுவதென்றால் இந்த வட்டக் குழி சரிப்படாது. அதற்கு நீளமாகக் கிடங்கு வெட்டி, இரு கரையிலும் கல் அணைத்து, காற்று வரும் பக்கத்தில் விறகு தள்ள வாய் விடவேண்டும். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கந்தூரிக்குப் போனால் பெரிய அளவுச் சமையல் எப்படி நடக்கிறதென்று சமையல்காரர்களிடமே கேட்கலாம்.

10. மணல் போட்டு மூடிவிட்டுப் படுக்கப் போவது நம் பக்கத்துப் பழக்கம். இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. மணலுக்குள் தணல் மணிக்கணக்காகச் சாகாமல் கிடக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல், விடிந்ததும் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வாளித் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றி, தடியால் கிளறி, மீண்டும் ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் ஆவி முகத்தில் அடிக்கும். புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனால் சூடு தெரியக்கூடாது.

சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, முட்டை வெள்ளை எதுவும் பூசாதீர்கள். கொப்புளம் பெரிதென்றாலோ, முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலோ வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

11. நெருப்பருகே நிற்கும்போது சாரத்தை மடித்துக் கட்டுங்கள். நைலோன் துணி உருகித் தோலில் ஒட்டும்.

12. ஆறிய சாம்பலைத் தென்னையைச் சுற்றித் தூவலாம், பொட்டாசியம் உள்ளது. ஒரே மரத்துக்கே கொட்டினால் மண் காரமாகிவிடும்.

13. ஐப்பசி மழைக்கு முன் குழியைத் துப்புரவாக்கி, பழைய தகரத்தால் மூடிக் கல் ஏற்றிவிடுங்கள். தகரம் குழிந்திருந்தால் அதிலேயே தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு முட்டையிடும், ஆகவே சரிவாக வையுங்கள். மாசியில் நிலம் காய்ந்ததும் வெடித்த சாந்தை மட்டும் பூசி, ஆறாம் குறிப்பில் சொன்னபடி சிரட்டை நெருப்பில் தொடங்குங்கள்.