உப்புப் பாத்தியில் உயிரைத் தேடுதல்

வானுயிரியல் பயிலும் மாணவர்களுக்குக் களப்பயணம் என்றாலே லடாக்கின் உப்பேரிகளையும் சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தையும் நினைத்துப் பலர் பெருமூச்சு விடுகிறார்கள். திண்டிவனம்–புதுச்சேரிச் சாலையிலுள்ள கிளியனூரில் வாசம் செய்யும் எனக்கோ, தென்மேற்கே திருவக்கரைக் கல்மரங்களும் வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்களும் அருகிலேயே இருப்பதால், அந்த ஏக்கத்திற்கு அவசியமே நேர்ந்ததில்லை.

திருவக்கரையில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட மரங்களைச் சிலிகா கல்லாக்கியிருப்பதைக் காட்டி, அவற்றில் எது இல்லை என்று மட்டும் கேளுங்கள். வேரும் இலையும் கிளையும் இல்லை என்று கண்டதும், இவை நின்ற இடத்தில் புதைந்தவையல்ல, வெள்ளம் கொணர்ந்தவை என்ற அனுமானத்திற்கு மாணவர்கள் தாமாகவே வந்துவிடுவர்.

எனினும் முழுப் பகலையும் மரக்காணத்திற்கே கொடுப்பேன். நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புள்ள கடல்நீர், பாத்திக்குப் பாத்தி வெயிலில் சுண்டி, 25 பங்கைத் தாண்டும் தறுவாயில் அதில் படரும் செம்மையை அழுக்கென்று நினைப்பவர் உண்டு. அதுவோ உப்பில் மட்டுமே தழைக்கும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களும், டுனாலியெல்லா என்ற ஒருசெல் பாசியும் தரும் வர்ணம். அந்நீரில் ஒரு துளியை அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால், இரண்டு கசையிழைகளால் நீந்தும் பாசியைப் பிரத்தியட்சமாகக் காணலாம். இன்னொரு துளியில் காய்ச்சி வடித்த நீரைக் கலந்தாலோ, செல்சுவரற்ற அப்பாசி ஊதி வெடித்துவிடும். ஆகவே மாதிரியை நீர்க்கச் செய்ய வேண்டுமானால், அதே பாத்தியின் நீரை நுண்வடிகட்டியில் வடித்தே சேர்க்க வேண்டும். தூய நீரே உயிருக்கு ஆதாரம் என்ற பள்ளிப் பாடத்தை இந்த ஒரு சோதனை அசைத்துவிடுகிறது. செவ்வாயின் தென்பகுதி மேட்டு நிலங்களில் குளோரைடு உப்புப் படிவங்கள் இருப்பதை, அக்கோளைச் சுற்றும் மார்ஸ் ஒடிசி விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு 2008-இல் அறிவித்தார்கள் என்பதை இதற்குப் பிறகு சொல்லுங்கள். முன்னரே சொன்னால் அது வெறும் செய்தியாகவே காதில் விழும்.

உப்பு வாருவோரிடம் அனுமதி கேட்காமல் வரப்பில் கால் வைக்காதீர்கள். எந்தப் பாத்தி என்று சிவக்கும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. கோடையில், விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும்.