மூலிகையை அறிந்து உண்போம்

கன்னியாகுமரிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே நிற்கும் மருந்துவாழ்மலையின் பெயரே, நம் முன்னோர் மூலிகைகளைப் போற்றியதற்குச் சான்று. துளசியும் ஆடாதோடையும் கீழாநெல்லியும் இன்றும் நம் வீட்டு முற்றங்களில் வளர்கின்றன. ஆயினும், “பச்சிலைதானே, கெடுதல் செய்யாது” என்று பலர் எண்ணுவது தவறு. நோயைத் தீர்க்கும் ஆற்றல் ஒரு செடிக்கு உண்டென்றால், தவறாக உண்பவரை வருத்தும் ஆற்றலும் அதற்கு இருக்கும்.

இதை விளக்க நம் அடுக்களையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பரப்பிய மரச்சீனிக் கிழங்கில், சயனைடு என்னும் நஞ்சைத் தரும் பொருள் உள்ளது. நம் அன்னையர் கிழங்கைத் தோல் நீக்கி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டே உண்ணத் தருகிறார்கள். பக்குவம் அறிந்ததால் அது உணவாயிற்று. இதே கவனம் மூலிகைக்கும் வேண்டும்.

1. செடியை அறிக

ஒரே பெயர் இரு செடிகளுக்கு வழங்குவதுண்டு. கேரளத்தில் பிரமி என்றால் நீர்ப்பிரமி. வடநாட்டில் பல இடங்களில் வல்லாரையையே பிரமி என்பர். இத்தகைய பெயர்க் குழப்பம் சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகும். 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மருந்து உண்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டன. உரிய மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த வேறொன்று கலந்ததே காரணம். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அந்த நச்சு மூலிகையின் இனத்தைச் சேர்ந்தவையே. எனவே அவற்றை உள்ளுக்கு உண்ணலாகாது.

2. பக்குவமும் அளவும் அறிக

நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கு, உண்ணும் கிழங்கு போலத் தோன்றும். அதிலுள்ள கொல்சிசின் என்னும் பொருள், கீல்வாத நோய்க்கு அரை மில்லிகிராம் அளவுள்ள மாத்திரையாகத் தரப்படுகிறது. கிழங்கையே உண்டவருக்கோ சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கி, உயிரே போகலாம். எட்டி, நேர்வாளம், சேராங்கொட்டை ஆகியவற்றைச் சித்த மருத்துவர்கள் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்க்கிறார்கள். அவர்கள் பல்லாண்டு பயின்ற கலையை நாம் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

3. உண்பவரை அறிக

பெரியவருக்கு ஏற்றது குழந்தைக்கு ஏற்காது. பச்சைக் குழந்தைக்கு வசம்பை உரைத்துப் புகட்டுவது வாந்தியையும் மயக்கத்தையும் உண்டாக்கலாம். மார்த்தாண்டம் தேன் எவ்வளவு தூயதாயினும், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தரலாகாது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதும். கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேளாமல் எந்தக் கஷாயமும் அருந்த வேண்டாம். நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர் சிறுகுறிஞ்சான் பொடியையும் சேர்த்து உண்டால், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையக்கூடும்.

4. நோயை அறிக

மஞ்சள் காமாலை தனி நோயன்று. பல நோய்களின் அறிகுறி. வயலில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் தசைவலியும் வந்து கண் மஞ்சளானால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலிலுள்ள புண் வழியாக அக்கிருமி உடலில் நுழைகிறது. தொடக்கத்திலேயே ஆஸ்பத்திரிக்குச் சென்றால் ஆன்டிபயாடிக் மருந்தால் குணமாகும். கீழாநெல்லியை அரைத்துக் குடித்தபடி நாளைக் கடத்தினால் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகும். பாம்புக்கடிக்கும் பச்சிலை தேடி அலையக் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். நஞ்சுமுறிவு ஊசியே அதற்கு மருந்து.

ஆகவே மாணவியரே, வீட்டில் யாரேனும் பச்சிலை அரைக்கும்போது நான்கு கேள்விகளைப் பணிவுடன் கேளுங்கள்: இது என்ன செடி? எப்படிப் பக்குவம் செய்வது, எவ்வளவு உண்பது? உண்பவர் யார்? நோய் இன்னதென்று தெரியுமா? இவற்றுள் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும் அம்மியை நிறுத்திவிட்டு, பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத அல்லது ஆங்கில மருத்துவரை நாடச் சொல்லுங்கள். ஆங்கில மருத்துவரிடம் செல்லும்போது, உண்ட மூலிகையின் பெயரை மறைக்காமல் கூறச் செய்யுங்கள். அவர் கோபிப்பாரோ என்று அஞ்ச வேண்டாம். உண்டது தெரிந்தால்தான் அவரால் சரியான மருந்தைத் தர இயலும்.

முன்னோர் நமக்கு விட்டுச் சென்றது செடிகளை மட்டுமன்று. அவற்றைக் கையாளும் எச்சரிக்கையையும்தான். இரண்டையும் சேர்த்தே காப்போம்!