அடிபம்பு சொல்லித் தரும் பாடம்



"படி" என்ற சொல்லுக்கு என்ன பொருள்? டக்கென்று சொல்ல முடியாது. "பாடத்தைப் படி" என்றால் ஒரு பொருள். "படியில் உட்காராதே" என்றால் வேறு பொருள். "ஒரு படி அரிசி" என்றால் இன்னொரு பொருள். முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று பார்த்துத்தான் பொருள் சொல்ல முடியும். இதைத்தான் சூழல் என்கிறோம்.

சொல்லுக்கு மட்டும் இல்லை, மனிதர்கள் வடிவமைக்கிற சாமான்களுக்கும் சூழல் உண்டு. அதை யார் பயன்படுத்துவார்கள்? எங்கே? ஒரு நாளைக்கு எத்தனை பேர்? கெட்டுப்போனால் யார் சரி செய்வார்கள்? இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பொருளின் சூழல். இதை யோசிக்காமல் செய்தால் நல்ல பொருளும் வீணாகிவிடும். நம்ம எல்லாருக்கும் தெரிந்த அடிபம்பையே உதாரணமாகப் பார்ப்போம்.

1. வீட்டுப் பம்பு ஊருக்கு வந்தது

1966, 1967 ஆண்டுகளில் பீகாரில் கடும் வறட்சி வந்தது. கிணறுகள் வற்றிப்போயின. அந்தச் சமயத்தில் கடினமான பாறையையும் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெப் அமைப்பு இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பல மாநிலங்களில் போர் போட்டு, மேலே அடிபம்பு வைத்தார்கள்.

அந்தப் பம்பு வார்ப்பிரும்பில் செய்தது. ஐரோப்பா, அமெரிக்காவில் பண்ணை வீடுகளில் இருந்த பம்பைப் பார்த்துச் செய்தது. அங்கே ஒரே ஒரு குடும்பம், ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும் அடிக்கும். அந்த வேலைக்கு அது நல்ல பம்புதான். ஆனால் இங்கே ஒரு ஊரே குடத்தோடு வரிசையில் நின்றது. விடிவதற்கு முன்னாடி ஆரம்பித்தால் இருட்டுகிற வரைக்கும் கைப்பிடிக்கு ஓய்வு இல்லை. தண்ணீரும் ரொம்ப ஆழத்தில் இருந்தது. கைப்பிடி உடைந்தது, மூட்டுகள் தேய்ந்தன. 1970களில் பார்த்தபோது, போட்ட பம்புகளில் மிகப் பல ஓடாமல் நின்றிருந்தன. பூமிக்கு அடியில் தண்ணீர் இருக்கு, ஆனா மேலே வரத்தான் வழி இல்லை!

2. ஊருக்கு என்று செய்த பம்பு

மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் இதே கஷ்டத்தைப் பார்த்தவர்கள் எஃகில் உறுதியான பம்பு செய்தார்கள். அதை அடிப்படையாக வைத்து, யுனிசெப் அமைப்பும், சென்னையில் இருந்த மெராடோ என்ற ஆராய்ச்சி நிறுவனமும், ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையும் சேர்ந்து 1970களின் பிற்பகுதியில் 'இந்தியா மார்க் 2' என்ற பம்பை உருவாக்கின. அதை ஆய்வுக்கூடத்தில் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. நம்ம கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நிறுவி, மக்கள் அடிக்க அடிக்க என்ன ஆகிறது என்று பார்த்தார்கள்.

அதில் என்ன மாற்றம் செய்தார்கள் தெரியுமா?

அ) உடையும் வார்ப்பிரும்புக்குப் பதில் எஃகு வைத்தார்கள்.
ஆ) தேய்கிற மூட்டில் பேரிங் வைத்தார்கள்.
இ) கைப்பிடியையும் உள்ளே இருக்கும் கம்பியையும் செயினால் இணைத்தார்கள். அதனால் கம்பி கோணாமல் நேராக ஏறி இறங்கும்.
ஈ) கைப்பிடியைக் கனமான எஃகுத் தண்டாகச் செய்தார்கள். அந்தக் கனம் உள்ளே இருக்கும் கம்பியின் எடையைச் சமன் செய்யும். நெம்புகோல் பாடத்தில் படித்தோமே, அதேதான்!
உ) அடிப்பாகத்தைக் கான்கிரீட்டில் பதித்தார்கள். சிந்துகிற அழுக்குத் தண்ணீர் திரும்பப் போருக்குள் போகாது.

1990களின் நடுவுக்குள் உலகம் முழுவதும் ஏறக்குறைய 50 லட்சம் மார்க் 2 பம்புகள் வைக்கப்பட்டன. ஆனாலும் ஒரு குறை இருந்தது. உள்ளே வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். அதற்குப் பல ஆட்களும் தனிக் கருவிகளும் வேண்டும். அதுவரை ஊர் காத்திருக்கணும். அதனால் அடுத்து வந்த மார்க் 3 பம்பில் குழாயைப் பெரிதாக்கினார்கள். குழாயைக் கழற்றாமலே கம்பியை மட்டும் மேலே இழுத்து வாஷர் மாற்றலாம். பழுது பார்ப்பவரும் சூழலில் சேர்த்திதான் என்பது இதில் தெரிகிறது.

3. விளையாடினால் தண்ணீர் வருமா?

இதற்கு நேர் மாறான கதை தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அங்கே 'பிளே பம்ப்' என்று ஒன்று கண்டுபிடித்தார்கள். அது ஒரு குடை ராட்டினம். குழந்தைகள் சுற்றி விளையாடினால் தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறும். கேட்கவே ஆசையாக இருக்கிறது இல்லையா? எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது. 2000ஆம் ஆண்டில் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் நிதி அறிவித்தார்கள்.

இப்போது நாம் ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு பம்பு 2500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள்.
ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்றால், 2500 x 15 = 37,500 லிட்டர்.
ராட்டினம் விடாமல் சுற்றினால் ஒரு மணி நேரத்துக்கு வருவது 1400 லிட்டர்.
37,500 ÷ 1400 = சுமார் 27 மணி நேரம்.

ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தானே! 2009இல் லண்டன் கார்டியன் நாளிதழும் இந்தக் கணக்கைத்தான் காட்டியது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகு யார் சுற்றுவது? பெரிய பெண்கள்தான் குனிந்து கையால் தள்ளிச் சுற்றினார்கள். அடிபம்பைவிட அது கஷ்டமாக இருந்தது. பழுதானால் உள்ளூரில் சரி செய்ய முடியவில்லை. சில ஊர்களில் இதை வைப்பதற்காக நன்றாக ஓடிய அடிபம்பையே எடுத்துவிட்டார்கள். கடைசியில் 2010 வாக்கில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

ராட்டினமும் நல்லதுதான், பம்பும் நல்லதுதான். தண்ணீருக்கு வரும் பெண்களிடம் முதலில் கேட்டிருந்தால் இந்தக் கணக்கு முன்னாடியே தெரிந்திருக்கும். பம்பு நின்றால் பள்ளிக்கு லீவு போட்டுத் தண்ணிக்குப் போறது யாரு? பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண் பிள்ளைகள்தானே. அதனால் இது வெறும் இயந்திரப் பாடம் இல்லை.

4. நாம் செய்ய வேண்டியது

அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்யும்போது, அட்டையும் பசையும் எடுப்பதற்கு முன்னால் இந்த ஐந்து கேள்விகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

1. இதை யார் பயன்படுத்துவார்கள்? அவர்களிடம் கேட்டோமா?
2. ஒரு நாளைக்கு எத்தனை பேர், எத்தனை தடவை?
3. வெயில், மழை, உப்புத்தண்ணீர், கரண்ட் இல்லாத நேரம், இதில் எல்லாம் வேலை செய்யுமா?
4. சின்னப் பிள்ளை, பாட்டி, கை கால் முடியாதவர் ஆகியோரால் முடியுமா?
5. கெட்டுப்போனால் நம்ம ஊர்லயே சரி செய்ய முடியுமா?

யோசித்துப் பாருங்கள்: ஒன்றாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் ஆசிரியர்களும் ஒரே குழாயில் கை கழுவ வேண்டும் என்றால், குழாயை எவ்வளவு உயரத்தில் வைப்பீர்கள்? பதில் எழுதுவதற்கு முன், ஸ்கேல் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கை எட்டும் உயரத்தை அளந்து பாருங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி