சருமத்துக்கு அடுப்படியிலிருந்தே: சிக்கனமான பயனுள்ள குறிப்புகள்

சோப்பு, ஷாம்பு, ஃபேஸ் வாஷ், க்ரீம் என்று மாதாமாதம் போகிற பணத்தை ஒரு தரம் தனியாகக் கூட்டிப் பாருங்கள் தோழிகளே, மனசு பகீரென்றிருக்கும். அதில் கணிசமான பங்கை அடுப்படியும் நாட்டு மருந்துக் கடையும் மிச்சம் பிடித்துத் தரும். எதை வாங்கலாம், எதை முகத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

1. நலங்கு மாவுக்கு முழ நீளப் பட்டியல் வேண்டாம். பாசிப்பயறு அரை கிலோ, பூலாங்கிழங்கு 100 கிராம், காய்ந்த ஆவாரம்பூ 100 கிராம், பன்னீர் ரோஜா இதழ் 50 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம் இருந்தால் தாராளம். அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கிற வேலை பயறுடையது. கை இறுக்கமான மாதத்தில் பயறும் பூலாங்கிழங்கும் மட்டும் அரைத்தாலும் குளியலுக்கு ஒரு குறையும் வராது.

2. அரைக்கும் முன் பயறையும் கிழங்குகளையும் நல்ல வெயிலில் காய வையுங்கள். ஒரு பயறைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டொக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு நாள் வெயில் பாக்கி என்று அர்த்தம். பூக்களை மட்டும் நிழலில் உலர்த்துங்கள், நிறமும் மணமும் நிற்கும். வெட்டிவேரைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கிப் போடுங்கள், நீளமாகப் போட்டால் மெஷினில் சுற்றிக்கொண்டு மில்காரரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

3. மாவு மில்லுக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அண்ணே, கடைசியா என்ன அரைச்சீங்க?" என்பதுதான். மிளகாய், மல்லி அரைத்த மெஷின் என்றால் திரும்பி வந்துவிடுங்கள், இல்லையென்றால் முகம் எரியும். அரிசியோ கோதுமையோ அரைத்த மெஷினாக இருந்தாலும் முதலில் ஒரு கைப்பிடி பச்சரிசியை ஓட்டி அதைத் தனியாகப் பிடித்து வைத்துவிட்டு, பிறகு நம் சாமானைப் போடச் சொல்லுங்கள். அந்த அரிசி மாவும் வீணில்லை, கோலத்துக்கு ஆகும்.

4. கஸ்தூரி மஞ்சளைத் தனியாக அரைத்து வைத்துக்கொண்டால் ஒரே மாவு வீட்டில் எல்லாருக்கும் பயன்படும். பெண்களுக்கு வேண்டும்போது ஒரு சிட்டிகை கலந்துகொள்ளலாம், ஆண்கள் மஞ்சள் இல்லாமல் தேய்த்துக்கொள்ளலாம். 

5. சலித்தபின் மிஞ்சுகிற கப்பியைக் கொட்டிவிடாதீர்கள். முழங்கை, கணுக்கால், குதிகால் கருமைக்கு அதைத் தயிரில் குழைத்துத் தேய்க்கலாம். முகத்துக்கு மட்டும் வேண்டாம், கீறிவிடும்.

6. குளியலறையில் ஒரு வாரத்துக்கான மாவு மட்டும் சின்ன டப்பாவில் இருக்கட்டும், உள்ளே ஒரு பிளாஸ்டிக் கரண்டியும் போட்டு வையுங்கள். ஈரக்கை பட்ட மாவில் பூஞ்சை பிடித்துவிடும், வண்டும் வரும். மீதி மாவு அடுப்படி அலமாரியில் கண்ணாடி பாட்டிலில் இருந்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

7. கடைக்காரர் கார்போகரிசியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் "அது வேண்டாம்" என்று எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். அதில் சோராலன் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் சிவந்து கொப்புளித்து, பிறகு கருத்தும் போகும். வெண்புள்ளிக்கு மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கிற மருந்துச் சரக்கு அது, தினசரிக் குளியலுக்கு உரியதில்லை. குழந்தைகளுக்கு அரைக்கிற மாவில் கண்டிப்பாகச் சேர்க்காதீர்கள்.

8. மஞ்சளைத் தூளாக வாங்குவதைவிடக் கிழங்காக வாங்கி அரைப்பது நல்லது. பளபள மஞ்சள் நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைக் கலக்கிற கலப்படம் நாட்டில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. சாம்பாருக்கும் அதே தூள்தானே போகிறது, ஆகவே ஒரே வேலையில் இரண்டு நிம்மதி.

9. துண்டிலும் தலையணை உறையிலும் மஞ்சள் கறை பட்டால் சோப்புப் போட்டதும் சிவப்பாக மாறும், பதற வேண்டாம். அலசிவிட்டு ஈரத்தோடு கடும் வெயிலில் விரித்துப் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. ஓரிரண்டு முறை காய்ந்ததும் கறை மங்கிவிடும், ப்ளீச் செலவும் மிச்சம்.

10. கற்றாழை மடலை வெட்டியவுடன் முகத்தில் தேய்க்காதீர்கள். வெட்டிய முனை கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள், மஞ்சளாக ஒரு பால் இறங்கும். அரிப்பு தருவது அந்தப் பால்தான். பிறகு கழுவி, முள் ஓரங்களைச் சீவி, தோலை உரித்து, உள்ளே இருக்கிற கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுங்கள். ஒரு மடல் ஒரு ஆளுக்கு அதிகம், மிஞ்சியதை மிக்சியில் ஒரு சுற்று சுற்றி ஐஸ் ட்ரேயில் ஊற்றி வையுங்கள். வெயிலில் அலைந்துவிட்டு வருகிற நாளில் ஒரு கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றிக்கொண்டால் அவ்வளவு இதம்.

11. எலுமிச்சைச் சாற்றை நேராக முகத்தில் தடவச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நம் தோலின் பிஹெச் அளவு சுமார் 5, எலுமிச்சையுடையது 2 பக்கம். அவ்வளவு புளிப்பைத் தோல் தாங்காது. சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் நிறம் கூடுவதற்குப் பதில் மாதக்கணக்கில் கருந்திட்டுதான் நிற்கும். பிழிந்த மூடியை உப்புத் தொட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அதற்கான இடம். ஆப்ப சோடாவும் இப்படித்தான், அது எதிர்ப்பக்கத்துக் காரம். சிங்க்குக்கு நல்லது, கன்னத்துக்கு ஆகாது.

12. குளியல் சோப்பு வாங்கும்போது உறையைத் திருப்பி டி.எஃப்.எம். என்ற எண்ணைப் பாருங்கள். 76 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். 'பேத்திங் பார்' என்று போட்டிருந்தால் இதிலும் குறைவாக இருக்கும். முன்பக்கத்துப் பூப்படத்தையும் விளம்பர முகத்தையும் விட இந்தச் சின்ன எண் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

13. மொத்தமாக வாங்கிய சோப்புகளை உறை பிரித்துத் துணி பீரோவில் அடுக்கி வைத்தால் காய்ந்து இறுகி, நிறைய நாள் வரும். துணிக்கும் வாசனை. கரைந்து சில்லாகிப்போன துண்டுகளைப் பழைய காட்டன் சாக்ஸுக்குள் போட்டுக் கட்டினால் கால் தேய்க்க ஆச்சு.

14. பீர்க்கங்காய் ஒன்றைக் கொடியிலேயே முற்றிக் காய விடுங்கள். தோலை உடைத்து விதையைத் தட்டி எடுத்தால் உள்ளே இருக்கிற நார்க்கூடு, கடையில் விற்கிற லூஃபாவேதான். குளித்தபின் பிழிந்து வெயில் படுகிற கொக்கியில் மாட்டுங்கள். குளியலறை மூலையில் ஈரமாகவே கிடந்தால் கிருமி சேரும். விதையை அடுத்த ஆடிப் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

15. சீயக்காய் தலையை ரொம்ப வறட்டுகிறது என்பவர்கள் கொங்குப் பக்கத்து அரப்புக்கு மாறிப் பாருங்கள். உசிலை இலையைக் காயவைத்து அரைத்த தூள் அது, எண்ணெய் தேய்த்த தலைக்கு வழுவழுப்பாக, மென்மையாக இருக்கும். இரண்டையுமே சாதம் வடித்த கஞ்சியில் கரைத்தால் தூளும் குறைவாகச் செலவாகும், கண்ணிலும் சிதறாது. குளித்து முடித்ததும் தரையில் வெந்நீரும் கொஞ்சம் மாவும் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துவிடுங்கள். அடுத்துக் குளிக்கப் போகிறவர் பெரியவராக இருந்தால் அந்த எண்ணெய்ச் சறுக்கல் ஆபத்து.

16. கண்டிஷனருக்குச் செம்பருத்தி இலையே போதும். பத்துப் பதினைந்து இலையைத் தண்ணீரில் கசக்கினால் கொழகொழவென்று வருகிற தாளியை வடிகட்டித் தலையில் தடவி, ஐந்து நிமிடத்தில் அலசிவிடலாம். வடிகட்டாமல் விட்டால் துணுக்கு எடுப்பதிலேயே காலை போய்விடும்.

17. தேங்காய் எண்ணெயைக் குளித்துத் துவட்டியவுடன், தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே கை கால்களில் தடவினால் பாதி அளவே பிடிக்கும், ஈரமும் உள்ளேயே தங்கும். பரு வருகிற முகத்துக்கு மட்டும் வேண்டாம், துவாரங்களை அடைத்துக்கொள்ளும். 24, 25 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்துவிடும் என்பதால் மார்கழி வருவதற்கு முன்பே அகலவாய் பாட்டிலுக்கு மாற்றி வையுங்கள்.

18. வேர்க்குருவுக்கு நுங்குத் தோல். நுங்கைத் தின்றபின் உரித்த அந்த மெல்லிய தோலின் உள்பக்கத்தை முதுகில் தேய்த்துவிட்டு, காய்ந்ததும் கழுவினால் எரிச்சல் தணியும். பிள்ளைகளுக்குச் சாயம் போன பழைய காட்டன் சட்டையைப் போட்டுவிடுங்கள், புதுசைவிட அதுதான் வியர்வையை உறிஞ்சும்.

19. பித்தவெடிப்புக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்து, லேசாகத் தேய்த்து, நல்லெண்ணெய் தடவி, சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இறங்க வேண்டாம். காலில் சூடு தெரியாமல் போயிருக்கும், சின்னக் கீறலும் பெரும்புண்ணாகும், மருத்துவரிடமே காட்டுங்கள்.

20. மருதாணி என்றால் ஆரஞ்சில் தொடங்கிப் பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ ஏறும். அரை மணியில் கன்னங்கரேலென்று பிடிக்கிற கோனில் பிபிடி என்ற தலைமுடிச் சாயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், தோல் வெந்துபோனவர்கள் உண்டு. திருவிழாக் கடையில் குழந்தை எவ்வளவு அடம் பிடித்தாலும் அதை மட்டும் வாங்கித் தராதீர்கள். கண்மையும் அதே கதை, சில வகைகளில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வையுங்கள், பிஞ்சுக் கண்ணுக்கு ஒன்றும் வேண்டாம்.

21. சன்ஸ்கிரீனை மட்டும் வீட்டில் செய்ய முயலாதீர்கள். எந்த எண்ணெயும் எந்தப் பூச்சும் அதற்கு ஈடில்லை, எஸ்பிஎஃப் 30 போட்டதாகப் பார்த்துக் கடையில் வாங்குவதே சரி. குடையும் முழுக்கைச் சட்டையும் இருந்தால் தடவ வேண்டிய இடம் குறையும், டியூபும் நீண்ட நாள் வரும்.

22. 'ஆர்கானிக்', 'இயற்கை' என்று முன்னால் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் பின்னால் இருக்கிற பட்டியலைப் படியுங்கள். அதிக அளவு உள்ள பொருள் முதலில் வரும். கற்றாழை கடைசி வரியில் இருந்தால் நீங்கள் கற்றாழைக்குக் காசு கொடுக்கவில்லை. 2017இல் வந்த 'ஜைவிக் பாரத்' முத்திரை இயற்கை வேளாண் உணவுக்கானது, அதை முகப்பூச்சில் தேடாதீர்கள்.

23. எந்தப் புதுப் பொருளையும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டளவு தடவி ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது, பக்கத்து வீட்டு அக்காவுக்கு எவ்வளவு ஒத்துக்கொண்டிருந்தாலும் சரி.

24. அடுப்பில் கை சுட்டுக்கொண்டால் தோசை மாவு, பேனா மை, டூத்பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், தழும்பு குறைய முதல் மருந்து அதுதான். வளையல், மோதிரத்தை வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.

25. வைட்டமின் சி சீரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு முன் தெருவில் போகிற கொய்யாப்பழ வண்டியை நிறுத்துங்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, ஆரஞ்சில் சுமார் 50தான். முருங்கைக்கீரையை வாரம் இரண்டு நாள் பொரியல் செய்து, இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள், கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பைத் தடுத்துவிடும், ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

26. குடிதண்ணீர்ப் பானையில் போட்ட வெட்டிவேர் முடிச்சை நாலைந்து நாளுக்கு ஒரு முறை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடலாம். மணம் ஓய்ந்ததும் நன்றாகக் காயவைத்து நலங்கு மாவுக்கான அடுத்த அரைப்பில் சேர்த்துவிடுங்கள், வெட்டிவேருக்குத் தனிச் செலவு கிடையாது.